காற்றாலை இறக்கையின் வடிவம்

காற்றாலையைக் காண்போர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. இறக்கைகள் மூன்றே, அவற்றினிடையே பரந்த வெளி. அவ்வழியே காற்று வீணாகச் செல்கின்றதன்றோ? இடைவெளியின்றி இறக்கைகளை நிரப்பினால் மின்சாரம் மிகுதியாகக் கிடைக்காதோ?

கிடைக்காது. காற்றின் ஆற்றலைப் பெறவேண்டுமாயின் அதன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். ஆனால் முற்றும் தடுத்துவிட்டால், பின்வரும் காற்றுக்கு வழியிராது. அது ஆலையைச் சுற்றி விலகிச் செல்லும். தடுக்காமலே விட்டாலும் பயனில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறந்த நிலையை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டார். காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையுமாறு செய்தால், அதன் ஆற்றலில் 27இல் 16 பங்கை, அதாவது 59 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதியாகப் பெறலாம். திறந்தவெளியில் சுழலும் ஆலைக்கு இதுவே மேல் எல்லை.

இந்த அளவு தடையைத் தருவதற்கு விரைந்து சுழலும் சில இறக்கைகளே போதும். மெல்லச் சுழலும் பல இறக்கைகளோ தம் பின்னே செல்லும் காற்றையும் சுழலச் செய்து, அச்சுழற்சியில் ஆற்றலை இழக்கின்றன. கிணற்று நீர் இறைக்க அவை ஏற்றவை. ஏனெனில் தொடக்கத்தில் மிகுந்த திருகுவிசை அங்கே தேவை. மின்னாக்கத்திற்கு வேகமே தேவை. டென்மார்க் நாட்டின் அஸ்கோவ் என்னும் ஊரில் ஆசிரியராக இருந்த பால் லா கூர், 1891இல் காற்றாலை நிறுவி மின்சாரம் ஆக்கினார்; பின்னர்க் காற்றுக்குழாய்ச் சோதனைகள் நடத்திச் சில இறக்கைகளே நலம் எனக் கண்டார்.

இனி, இறக்கை முறுக்குண்டிருப்பது ஏன்? அச்சிலிருந்து 40 மீட்டர் நீண்ட இறக்கையின் நுனி விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அச்சிலிருந்து 8 மீட்டர் தொலைவிலுள்ள பகுதி 14 மீட்டர் வேகத்திலேயே செல்லும். வீசும் காற்று 9 மீட்டர் வேகமுடையதாயின், இறக்கையை எட்டும்போது 6 மீட்டராகத் தணிந்திருக்கும். எனவே நுனியை அது ஏறத்தாழ 5 பாகைக் கோணத்திலும், உட்பகுதியை 23 பாகைக் கோணத்திலும் தாக்கும். இறக்கை நேராக இருப்பின், ஒரு பகுதி நன்கு உழைக்க மற்றொரு பகுதி தடையாய் நிற்கும். எல்லாப் பகுதியும் தக்க கோணத்தில் காற்றை ஏற்கவே இம்முறுக்கு அமைகின்றது. நுனி மிக விரைவதால் அங்கே அகலமும் குறைவாகவே போதும்.

எனினும் காற்றியல் ஒன்றே வடிவத்தை முடிவு செய்வதில்லை. அடிப்பகுதி முழுச்சுமையையும் தாங்குவதால் பருத்திருத்தல் வேண்டும். பருத்தால் காற்றோட்டம் எளிதில் பிரிந்து பயன் குன்றும். நுனி மிக விரைந்தால் இரைச்சல் பெருகும். நீளம் இரு மடங்கானால் காற்றைப் பெறும் பரப்பு நான்கு மடங்காகும்; ஆனால் எடையும் பெரிதும் ஏறும்.

இன்றைய சிறந்த காற்றாலைகள் நல்ல காற்றில் 45 முதல் 50 விழுக்காடு வரை ஆற்றலைப் பெறுகின்றன. பெட்ஸ் வகுத்த எல்லைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி சிறிது. அதனை மேலும் குறைப்பதற்கே இறக்கையின் ஒவ்வொரு வளைவும் ஆராயப்படுகின்றது.