தலைவலி மாத்திரையும் தாய்வயிற்றுப் பிள்ளையும்

1958இல் பிரிட்டனில் தாலிடோமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தபோது, கர்ப்பிணிகளும் பயமின்றிச் சாப்பிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அதனோடு எர்கோட்டமின் என்ற மருந்தைச் சேர்த்து, ஒற்றைத் தலைவலிக்கென்று ‘வால்கிரெய்ன்’ என்ற மாத்திரையும் வந்தது. வயிற்றுப் பிள்ளையைத் தாலிடோமைடு என்ன செய்யும் என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. தாய் விழுங்கும் மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகாது என்று பலரும் நம்பிய காலம் அது. 1961 இறுதியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் குறுகிய கைகால்களோடும் வேறு குறைகளோடும் பிறந்தார்கள்.

இன்று ‘எந்த மாத்திரை’ என்று மட்டும் கேட்டால் போதாது; எத்தனையாவது வாரம், எவ்வளவு, எதற்காக என்றும் கேட்க வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தலைவலிக்கென்று ஆஸ்பிரினைத் தாமாகப் போடக் கூடாது. ஆனால் அதையே 75 முதல் 150 மி.கி. அளவில், பிரீ-எக்லாம்ப்சியா என்ற ஆபத்தான ரத்தக்கொதிப்பைத் தடுக்க மருத்துவரே எழுதித் தருகிறார்.

வலிக்கு முதல் தேர்வு இன்றும் பாராசிட்டமால்தான். அதனால் ஆட்டிசம் வரும் என்ற அச்சம் 2025இல் அமெரிக்காவிலிருந்து பரவியது. ஆனால் ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, ஒரு வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அப்படித் தொடர்பு எதையும் காணவில்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேவையான அளவு, தேவையான நாள் மட்டும் என்பதே விதி.

தலைவலியைப் பார்க்கும் பார்வையும் மாறியிருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு கடுந்தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ மாத்திரையைத் தேடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டாலே அது எச்சரிக்கை.

மாறாத இடம் ஒன்று உண்டு. “தலைவலிக்கு ஒண்ணு குடுங்க” என்றால் பெட்டிக்கடையில்கூட இன்றும் மாத்திரை கிடைக்கிறது. அதில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருக்கலாம்; வாங்க வருபவர் கணவராகவோ மாமியாராகவோ இருக்கலாம். அறுபது ஆண்டுகளில் அறிவியல் கற்றது அந்தக் கடைவரை வந்து சேர வேண்டும். கர்ப்பம் என்று சொல்லாமல் வாங்கக் கூடாது. கர்ப்பமா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது.