தோல் பூட்ஸுகளுக்கு எண்ணெய் இடும் முறை

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டங்களில், மலையடிவாரத்தை ஒட்டிய தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் வேலை செய்வோர் காலைக் காத்துக்கொள்ளுதல் மிகவும் அவசியமாகும். கண்ணாடி விரியன் முதலிய விஷப் பாம்புகள் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலை அடுத்த இடத்திலுமே தீண்டுகின்றன. கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் இவ்வபாயத்தை முற்றிலும் நீக்காவிடினும் பெரிதும் குறைக்கும். ஆயினும், ஒரு மழைக்காலம் கழிந்ததும் பூட்ஸ் விறைத்து வெடித்துக் காலைக் கடிக்கத் தொடங்குமாயின், குடியானவர் அதனைத் திண்ணையிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு செல்வர். பணமும் வீணாகும், காலுக்கும் காப்பில்லை.

தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிய ஒரு பொருள். அந்நார்களிடையே உள்ள எண்ணெய்ப் பசையே தோலுக்கு மென்மையையும் வளையும் தன்மையையும் தருகிறது. நீரிலும் சேற்றிலும் அடிக்கடி நனைந்து காயும்போது அப்பசை சிறிது சிறிதாகக் குறைகிறது. பசையிழந்த தோல் காயுங்கால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; அந்நிலையில் வளைக்கப்படும் இடமெல்லாம் வெடிக்கும். ஆகையால், இழந்த பசையை உரிய காலத்தில் திரும்பக் கொடுப்பதே பராமரிப்பின் சாரமாகும்.

இவ்வுண்மை இப்பகுதியினருக்குப் புதிதன்று. மின்சாரப் பம்புகள் பரவுவதற்கு முன், கிணறுகளில் கமலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் பொருத்திய தோற்குழாய்க்கு எண்ணெய் இட்டுப் பாதுகாத்தனர். நாட்டுத் தோல் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டது. நீரை அதிகம் தாங்கும் குரோம் தோலைக் கமலைக்குப் பயன்படுத்தும் நோக்கத்துடன், ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். இக்காலத்துப் பூட்ஸுகளில் பெரும்பாலானவை குரோம் தோலால் ஆனவை. அவற்றுக்கும் எண்ணெய் வேண்டும். அளவு மட்டும் குறைவாக இருத்தல் நலம்.

எண்ணெய்க் கலவை தயாரித்தல்: விளக்கெண்ணெய் 150 கிராம், தேன்மெழுகு 50 கிராம் எடுத்துக்கொள்க. இரண்டையும் ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு, அதனைக் கொதிநீருள்ள பெரிய பாத்திரத்தில் வைத்து உருக்குக. நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். ஆறியபின் இது களிம்பாக இறுகும். விளக்கெண்ணெய் நார்களுள் ஊறி மென்மை தரும். மெழுகு மேலே நின்று நீரைத் தடுக்கும்.

பூசும் முறை: முதலில் சேற்றையும், உர உப்பையும், வியர்வை உப்பையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பூட்ஸை நிழலில் காற்றோட்டமாக வைத்து, சிறிது ஈரம் எஞ்சியிருக்கும்போதே களிம்பை மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். ஈரம் வெளியேறும் இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். தையல்களிலும், நாக்குப் பகுதி சேரும் இடத்திலும், விரலருகே மடியும் இடத்திலும் விசேஷமாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுக.

மறுபடி எப்போது பூசுவது என்பதை ஒரு துளி நீரே சொல்லும். துளி முத்துப்போல் உருண்டு நின்றால் போதிய பசை உண்டு. பரவித் தோலைக் கறுக்கச் செய்தால் பூசும் காலம் வந்துவிட்டது.

விலக்க வேண்டியவை: நனைந்த பூட்ஸை அடுப்பருகிலும் வெயிலில் காயும் பாறையிலும் வைக்கலாகாது, ஈரத்தோல் சூட்டில் சுருங்கிவிடும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து இறுகுவதால் தோலை விறைக்கச் செய்யும். மண்ணெண்ணெய் உள்ள பசையையும் கரைத்துவிடும். அளவுக்கு மீறிய எண்ணெய் தோலைத் தளரச் செய்து பூட்ஸின் வடிவைக் கெடுக்கும். ரப்பர் அடிப்பகுதியில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்க. பட்டால் ரப்பர் உப்பி நைந்துபோகும். வெடித்துவிட்ட தோலை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது என்பதும் கவனிக்கத்தக்கது.

தொளி கலக்கிய நெல்வயலுக்குத் தோல் பூட்ஸ் ஏற்றதன்று. அங்கு ரப்பர் பூட்ஸே தகும். தோப்பு, தோட்டம், வரப்பு, வாய்க்கால் வேலைகளுக்குத் தோல் பூட்ஸ் சிறந்தது. ஐப்பசி மழை தொடங்குமுன் முதல் பூச்சை முடித்துவிடுதல் நன்று. நிலமுடையோர் தம்மிடம் வேலை செய்வோரின் பூட்ஸுகளுக்கும் இக்களிம்பைத் தயாரித்துக் கொடுப்பதும், கிராம அதிகாரிகள் மழைக்கு முன் ஊராருக்கு இதனை எடுத்துரைப்பதும் சிறு செலவில் பெரும் ஆபத்தைத் தவிர்க்கும் காரியங்களாகும்.