மாக்சிமஸ் ஏன் பெரிதாக இருக்க வேண்டியதில்லை

ஆசிய யானைக்கு அறிவியலார் வைத்த பெயர் எலிஃபஸ் மாக்சிமஸ். லத்தீனில் மாக்சிமஸ் என்றால் மிகப்பெரியது. தரையில் நடமாடும் விலங்குகளில் மிகப்பெரியது ஆப்பிரிக்க யானைதான் என்பதோ பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு வெளிப்படையான பிழையை ஏன் இன்னும் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் என்றால் பொருளை விவரித்தாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நல்ல பாம்பை எடுத்துக்கொள்வோம். கொல்லையில் நல்ல பாம்பு கிடக்கிறது என்று கேட்டு எவரும் நிம்மதி அடைவதில்லை. ‘சாதுவான பாம்பு’ என்று ஒருவர் சொன்னால் அது விவரிப்பு. கடித்த கணமே பொய்யாகிவிடும். நல்ல பாம்பு கடித்தாலும் நல்ல பாம்புதான். அந்த ‘நல்ல’ விவரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சுட்டிக்காட்டும் வேலையில் மட்டும் இருக்கிறது.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதல்ல. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற பிரிவு பள்ளியில் படித்தது. இரண்டுக்கும் நடுவே காரண இடுகுறிப்பெயர் என்று ஒன்றை வைத்தார்களே, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். முள்ளிருப்பதால் முள்ளி. ஆனால் முள்ளுள்ள செடிகளெல்லாம் முள்ளி ஆகிவிடாது. பிறக்கும்போது காரணம், வாழும்போது இடுகுறி. தத்துவவாதி சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் இதையொட்டிய ஒன்றைத்தான் வாதிட்டார்: ஒருவரைப் பற்றி நாம் நம்புவதெல்லாம் தவறாகிப் போனாலும் அவருடைய பெயர் அவரையே சுட்டும், ஏனெனில் பெயர் விவரங்களின் மூட்டை அல்ல.

வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் குறை என்பார்கள், ஆகவே சுருக்கமாக. இயற்கையியலாளர் லின்னேயஸுக்கு முன்பு தாவரத்தின் பெயரே அதன் விவரிப்பு. தக்காளிக்குப் பெயர், ஏறக்குறைய, ‘முள்ளற்ற மென்தண்டும் வெட்டுப்பட்ட சிறகிலைகளும் கொண்ட சொலானம்’. அதே போல இன்னொரு செடி கிடைத்துவிட்டால் வேறுபடுத்திக் காட்ட மேலும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். பெயர் ரயில் வண்டியாக நீளும். 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் அவர் முறையாக இரட்டைச் சொற்பெயர் கொடுத்தார். வரலாறு போதும்.

விவரிப்பு கைவிட்ட பிறகு பெயரைப் பொருளோடு பிணைத்து வைப்பது எது? என் கணக்கில் உயிரியலின் மிக அழகான ஏற்பாடு இதுதான். அருங்காட்சியக அலமாரியில் பாடம் செய்து வைத்த ஒரே ஓர் உடல், அல்லது தாளில் ஒட்டிக் காயவைத்த ஒரே ஒரு செடி. மூலமாதிரி என்று வைத்துக்கொள்வோம். மேய்ச்சலுக்குக் கட்டிய மாட்டை நினைத்துப் பாருங்கள். மூலமாதிரிதான் முளைக்குச்சி. பெயர் அதில் கட்டிய கயிறு. மாடு மேயும் வட்டம்தான் இனம். வட்டம் எவ்வளவு பெரிது என்று ஆய்வாளர்கள் ஆயுள் முழுக்கச் சண்டை போடலாம், முளை நகராது. ஒரே வட்டத்துக்குள் இரண்டு முளைகள் இருப்பது தெரியவந்தால் பழைய கயிறு நிற்கும், புதியது அவிழும். நடுவே வேலி போட்டு வட்டத்தை இரண்டாகப் பிரித்தால், முளை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கே பழைய பெயர். முளையைக் கரையான் அரித்துவிட்டால்? அதற்கும் விதி உண்டு. 1944இல் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் மூலமாதிரி அழிந்தது, பெயர் அழியவில்லை. தேவைப்பட்டால் அதே வட்டத்துக்குள் புது முளை அடித்துக்கொள்ளலாம்.

முளை இருப்பதால்தான் பெயரின் பொருள் எவ்வளவு அபத்தமானாலும் காரியம் கெடுவதில்லை. வியாபாரிகள் கால்களை நீக்கி அனுப்பிய தோல்களை வைத்து ஒரு சொர்க்கப் பறவைக்குக் ‘காலில்லாதது’ என்று லின்னேயஸ் பெயரிட்டார். பறவை இன்றும் இரண்டு காலில்தான் நிற்கிறது, பெயரும் நிற்கிறது. பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்று விலங்கியல் விதி, தாவரவியல் விதி இரண்டுமே சொல்கின்றன. 2005இல் பொலிவியாவின் புதுக் குரங்கு ஒன்றுக்குப் பெயர் வைக்கும் உரிமை ஏலத்துக்கு வந்து, 6,50,000 டாலருக்கு ஓர் இணையச் சூதாட்ட நிறுவனத்திடம் போனது. குரங்கின் பெயரில் இப்போது லத்தீனில் அந்த நிறுவனத்தின் பெயரான ‘தங்க மாளிகை’. நடிகர் பெயரில் வண்டு, பாடகர் பெயரில் சிலந்தி என்று வரும் செய்திகளிலும் இதே கதைதான். செய்தியெல்லாம் பெயரைப் பற்றி. வண்டைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம்.

இனி யானைக்கு வருவோம். லின்னேயஸின் மாக்சிமஸ் ஆசியா, ஆப்பிரிக்கா இரண்டையும் ஒன்றாகப் போட்ட பெரிய வட்டம். 1797இல் இயற்கையியலாளர் புளூமன்பாக் ஆப்பிரிக்க யானைக்குத் தனிப் பெயர் கொடுத்து வேலி போட்டார். பழைய பெயர் ஆசியப் பக்கம் தங்கியது. ஆனால் முளை எங்கே? லின்னேயஸ் குறிப்பிட்ட மாதிரிகளில் பேர்போனது, சாராயத்தில் ஊறவைத்த ஒரு யானைக்கரு. ஒருகாலத்தில் ஆம்ஸ்டர்டாமின் ஆல்பர்டஸ் சேபாவின் சேகரிப்பில் இருந்தது, இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அதன் உருவமைப்பையும் புரதங்களையும் டிஎன்ஏவையும் ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, அது ஆப்பிரிக்க யானைக்கரு என்று 2013இல் அறிவித்தது. முளை பக்கத்துக் கொல்லையில்! அந்தக் கரு ஒன்றே மூலமாதிரி என்றிருந்தால், விதியின் கண்டிப்பான வாசிப்பில் மாக்சிமஸ் என்ற பெயர் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கும். பெயரின் பொருள்கூடப் பொருந்திப் போயிருக்கும், வேடிக்கை! நல்லவேளையாக லின்னேயஸ், தமக்கு முந்தைய இயற்கையியலாளர் ஜான் ரே எழுதிய ஒரு விவரிப்பையும் சான்றாகக் காட்டியிருந்தார். அதற்கு மூலமான எலும்புக்கூடு ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. டிஎன்ஏவைச் சோதித்து, ஆசிய யானைதான் என்று உறுதிசெய்து, முளையை அங்கே அடித்தார்கள்.

இப்படி ஆய்வாளர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள் என்றால் முளையும் மனிதர் வசதிக்கு நகர்வதுதானே என்று கேட்கலாம். நகர்ந்திருக்கிறது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பேரினத்தின் முளையைக் கருவேலத்திலிருந்து பிடுங்கி ஓர் ஆஸ்திரேலிய மரத்தில் அடித்தது. அங்கே அந்தப் பேரினத்தில் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்றுவதைவிட இது மலிவு. நம் கருவேலம் வச்செலியா ஆனது. தங்கள் மரங்களும் அகேசியா என்ற பெயரை இழந்ததால் ஆப்பிரிக்கர்கள் கொதித்தார்கள். ஏற்பாடு பொய் என்று இதற்குப் பொருளாகாது. முளையைத் தொட்டால்தான் பெயர் இடம் மாறும் என்பதால்தான் அத்தனை சண்டையும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பெயருக்குப் பொருள் முக்கியமில்லை என்றால் 2024இல் மாட்ரிட் மாநாடு ‘காஃப்ரா’ என்று வரும் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களை ‘ஆஃப்ரா’ என்று மாற்றியது ஏன்? ‘காஃப்ரா’வின் வேர் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரை ஏசும் சொல். ஆனால் வசைச்சொல் எதையும் விவரிப்பதில்லை; குத்தத்தான் செய்கிறது. விவரிப்பாக இருந்திருந்தால் சரியா தவறா என்று விவாதித்துவிட்டுப் போகலாம். அதை நீக்கியதில் தாவரவியல் இழந்தது ஓர் எழுத்து; ஒரு முளைகூட அசையவில்லை. மாக்சிமஸால் புண்படும் ஆப்பிரிக்க யானை எதையும் நான் கேள்விப்படவில்லை.

ஃபுளோரன்ஸ் எலும்புக்கூடு யாருடையது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். இலங்கையில் பிறந்து, குட்டியாக ஹாலந்துக்குக் கப்பலேறி, ஊர் ஊராக வித்தை காட்டி, 1637இல் ரெம்பிராண்ட் சித்திரத்தில் இடம்பிடித்து, 1655இல் ஃபுளோரன்ஸில் இறந்த பெண் யானை அது. மிகப்பெரியது என்ற பெயரின் முளை, ஆணைவிடச் சிறிதான பெண் யானையின் எலும்பில். அவளை டச்சுக்காரர்கள் ஹான்ஸ்கன் என்று அழைத்தார்கள். மலையாள ‘ஆன’யோடு செல்லமாகக் குறுக்கும் டச்சு விகுதி சேர்ந்த பெயர் அது என்கிறார்கள்; கூடி நின்று பார்த்த ஐரோப்பியர்களுக்கு அது ஒரு யானையின் பெயர், அவ்வளவுதான்.