‘புரிஞ்சிட்டு சார்’ என்றால் புரிந்துவிட்டதா?
ஆசிரியர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

திசையன்விளை, ராதாபுரம், உவரி பக்கத்துப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று பிரிந்து போகிறார்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், வழியெங்கும் காற்றாலைகள் என்று கண்ணெதிரே வேலைகள் இருப்பதால், கைத்தொழில் படிப்புக்கு இங்கே என்றும் மவுசு உண்டு. ஆனால் இவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களின் நிலை வேறு. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு. கல்லூரிக்கு வருபவர் எம்.எஸ்சி.யோ பி.இ.யோ முடித்த கையோடு கரும்பலகை முன் நிற்கிறார். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றிக் கேள்வி வரும். ஆனால் அறுபது பேர் முன் நின்று பேச அந்தத் தாள் பழக்காது. இந்தப் பகுதி ஆசிரியர்கள் பொதுவாக எழுப்பும் சில சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

சந்தேகம்: ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிஞ்சிட்டு சார்’ என்கிறார்கள். தேர்வுத் தாளைத் திருத்தும்போது தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

முதலில் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். ‘புரிஞ்சுதா’ என்பதற்கு ‘இல்லை’ என்று சொல்ல நம் வகுப்பறையில் எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வராது. அதற்குப் பதிலாக, விடை சொன்னால்தான் தெரியும் என்கிற கேள்வியாகக் கேளுங்கள். ‘வெர்னியர் காலிப்பர் புரிஞ்சுதா?’ என்பதை விட, ‘முதன்மைக் கோலில் 24, வெர்னியரில் 15-ஆவது கோடு பொருந்துகிறது, அளவு என்ன?’ என்பது மேல். மீச்சிற்றளவு 0.02 மி.மீ. என்றால் விடை 24.30. யார் 24.15 என்று எழுதினார்கள் என்று பாருங்கள். நீங்கள் எங்கே மறுபடி தொடங்க வேண்டும் என்பதை அந்தத் தவறான விடையே காட்டிவிடும்.

இன்னொன்று, கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் நேரம் குறித்துப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்திருந்தார்கள். பிறகு தாங்களே விடை சொன்னார்கள், அல்லது அடுத்தவரிடம் தாவினார்கள். 3 வினாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். 3 வினாடி என்ன பிரமாதம் என்று தோன்றும். நின்று பாருங்கள், மின்விசிறிச் சத்தம் காதில் விழும், கை சாக்பீஸைத் தேடும். நானும் புதிதாகப் பாடம் நடத்தியபோது அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே கேள்வி கேட்டு, நானே விடை சொல்லி, ஒரு பருவம் முழுக்க ஓட்டியிருக்கிறேன். இதற்கு ஒரு சுலபமான வழி, வாயால் சொல்லச் சொல்லாமல் முதலில் நோட்டில் எழுதச் சொல்வது. எழுதிவிட்டவனுக்குப் படித்துக் காட்டக் கூச்சம் இருக்காது. முதல் பெஞ்சு மட்டும் பதில் சொல்லும் வழக்கமும் அத்தோடு போகும்.

சந்தேகம்: போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. இதில் மாணவர்களை எழுத விட்டு, பேச விட்டு எப்படி முடிப்பது?

நியாயமான கவலை. ஆனால் முடிவது நம் போர்ஷன்தானே, அவர்களுடையது அல்லவே! 2014-ல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணக்கு வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, வகுப்பிலேயே ஏதாவது செய்ய வைக்கப்பட்டவர்களைப் போல ஒன்றரை மடங்காக இருந்தது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991 முதல் செய்துவருவது மிக எளிது. ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒவ்வொருவரும் தனியாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடிவிட்டு மறுபடி தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்குக் கருவி எதுவும் வேண்டாம், விரல்கள் போதும்: முதல் விடைக்கு ஒரு விரல், இரண்டாவதுக்கு இரண்டு. நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொன்னால் அடுத்தவனைப் பார்த்து மாற்ற முடியாது. 50 நிமிட வகுப்பில் இப்படி இரண்டு கேள்விக்குப் பத்து நிமிடம் போகும்.

சந்தேகம்: தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள். பாடமோ ஆங்கிலத்தில். எதில் நடத்துவது?

விளக்கம் தமிழில், கலைச்சொல் இரண்டிலும். பதினொன்றாம் வகுப்பில் ‘மீச்சிற்றளவு’ என்று படித்து மதிப்பெண் வாங்கியவன், இங்கே ‘லீஸ்ட் கவுண்ட்’ என்றதும் புதுப் பாடம் என்று மிரள்கிறான். பலகையின் ஓரத்தில் இரு பத்தியாக ஒரு சொற்பட்டியல் போட்டு, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விட்டால் போதும். ஐ.டி.ஐ. என்றால், சென்னை கிண்டியில் உள்ள ‘நிமி’ நிறுவனம் தொழிற்பிரிவுப் புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது.

சந்தேகம்: பணிமனையில் செய்து காட்டுகிறேன். தலையாட்டுகிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தால் வரவில்லை.

செய்துகாட்டல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திசையன்விளையை அடுத்த இடையன்குடியில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் தன் தாய் மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் பின்னலைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். திண்டில் ஊசி குத்தி நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. அதைச் சொற்பொழிவாற்றிக் கற்பிக்க முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்து, தவறினால் பிரித்துப் போட்டுத்தான் கற்றிருக்க முடியும்.

ஐ.டி.ஐ. ஆசிரியர்களின் பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கும் நான்கு படிகளான ஆயத்தம், விளக்கிக் காட்டுதல், செய்ய வைத்தல், சோதித்தல் ஆகியவற்றை, முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பல் தளங்களில் ஆட்களைப் பழக்கிய சார்லஸ் ஆலன் 1919-ல் புத்தகமாக எழுதினார். பலர் இரண்டாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹாக்சா பிளேடு மாட்டுவதை எடுத்துக்கொள்வோம். முதல் முறை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். இரண்டாம் முறை மெதுவாக, காரணத்தோடு: ‘பல் முன்பக்கம் பார்க்கணும், தள்ளும்போதுதான் வெட்டும்.’ மூன்றாம் முறை ஒரு மாணவன் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். அப்போது வேண்டுமென்றே பிளேடைத் திருப்பி மாட்டுங்கள். ‘சார், சார், தப்பு!’ என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். வராவிட்டால் மூன்றாம் படிக்குப் போகாதீர்கள். அந்தக் குரல் வந்த பிறகுதான் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

நிற்கும் இடமும் முக்கியம். எதிரே நிற்பவனுக்கு உங்கள் வலது கை இடது கையாகத் தெரியும். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபிட்டர் யூனிட்டில் 20 பேர் என்றால் ஐந்து ஐந்து பேராக நான்கு தடவை செய்துகாட்ட வேண்டியிருக்கும். அலுப்புத்தான், குறுக்கு வழி இல்லை.

சந்தேகம்: நேற்று நடத்தியது இன்று நினைவில் இல்லை. திருப்பித் திருப்பி நடத்த வேண்டுமா?

வேண்டாம், திருப்பிக் கேளுங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று என மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதிப் போடுங்கள். மதிப்பெண் வேண்டாம், அவர்களே திருத்திக்கொள்ளட்டும். பஸ் தாமதமாகி வருபவனும் சத்தமில்லாமல் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடலாம்.

சந்தேகம்: கற்பிக்கும் முறையை எங்கே படிப்பது?

ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்கு ஓராண்டு சி.ஐ.டி.எஸ். பயிற்சி உண்டு. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் புதிதாகச் சேர்பவர்களுக்கென ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த எட்டுப் பாடப்பிரிவுகள் ‘ஸ்வயம்’ இணையதளத்தில் இருக்கின்றன. சென்னை தரமணியில் 1964 முதல் இயங்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. கலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஸ்வயத்தில் வழி இருக்கிறது. ஆனால் பக்கத்து வகுப்பில் நன்றாக நடத்தும் ஒருவரின் அனுமதியோடு கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது இவற்றுக்குக் குறைந்ததல்ல என்பது என் கணிப்பு.

சந்தேகம்: மாணவர்கள் பேசினால் வகுப்பு சந்தை மாதிரி ஆகிறது. வராந்தாவில் போகும் முதல்வர் என்ன நினைப்பார்?

பலகையில் கேள்வியைப் பெரிதாக எழுதி, அதன் கீழே ‘ஜோடியாகப் பேசவும், 3 நிமிடம்’ என்றும் எழுதிவிடுங்கள். முதல்வர் ஜன்னல் வழியாக அதை வாசித்துக்கொள்வார்.