நுகர்வோர் மதிப்புரைகள்: வாங்கும் முன் ஏன் படிக்கப்படுகின்றன?

நுகர்வோர் மதிப்புரை என்பது ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கியவரோ ஒரு சேவையைப் பயன்படுத்தியவரோ, தம் அனுபவத்தைப் பிறர் அறியுமாறு பதிவு செய்யும் கருத்து ஆகும். இது விமர்சனம், பயனர் கருத்து, ரிவ்யூ என்றும் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திர மதிப்பீடும், சில வரி எழுத்தும், சில வேளைகளில் ஒளிப்படமும் இதில் இடம்பெறும்.

ஒரு பொருளைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரிவதில்லை. மதிப்புரைகள் படிக்கப்படுவதற்கு இந்த இடைவெளியே அடிப்படைக் காரணம். இடைவெளியின் ஒரு பகுதியை மதிப்புரைகள் நன்றாக நிரப்புகின்றன. மற்றொரு பகுதியை அவற்றால் நிரப்ப முடிவதில்லை.

விற்பவரும் வாங்குபவரும்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த இடைவெளியை விளக்குகிறது. பழைய கார்ச் சந்தையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். பழுதுள்ள காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள். எந்தக் கார் நல்லது, எது எலுமிச்சை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் தர முன்வருவார். அந்த விலை நல்ல காரின் உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். நல்ல கார்கள் குறையக் குறைய, விலை மேலும் இறங்கும். முடிவில் மட்டமான கார்களே சந்தையில் மிஞ்சும்.

இந்த நிலை தகவல் சமச்சீரின்மை எனப்படுகிறது. இது தொடர்பான ஆய்வுகளுக்காக அகெர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய மூவருக்கும் 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உத்தரவாதம், வணிகப் பெயர், தரமுத்திரை ஆகியவை இந்த இடைவெளியைக் குறைக்க உருவான வழிகள். நுகர்வோர் மதிப்புரையும் அவற்றில் ஒன்று.

மூவகைப் பண்புகள்

எல்லாப் பொருளுக்கும் மதிப்புரை ஒரே அளவு பயன்படுவதில்லை. பொருட்களின் பண்புகளைத் தேடல் பண்பு, அனுபவப் பண்பு என்று பிலிப் நெல்சன் 1970இல் பிரித்தார். நம்பிக்கைப் பண்பு என்னும் மூன்றாம் வகையை மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகியோர் 1973இல் சேர்த்தனர். மாவரைக்கும் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைக் கொண்டு இவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

தேடல் பண்பு: வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. கிரைண்டரின் கொள்ளளவு எத்தனை லிட்டர், நிறம் என்ன, விலை எவ்வளவு என்பவை இவ்வகை. இவற்றுக்கு மதிப்புரை தேவையில்லை.

அனுபவப் பண்பு: பயன்படுத்திய பின்பே தெரிவது. உளுந்து மாவு பொங்கி வருகிறதா, ஓடும்போது இரைச்சல் அதிகமா, கல்லைத் தூக்கிக் கழுவ முடிகிறதா, பாத்திரத்தின் ஓரத்தில் மாவு ஒட்டுகிறதா என்பவை இவ்வகை. மதிப்புரையின் முழுப் பயனும் இங்கேதான். முன்பே வாங்கியவரின் அனுபவத்தை, இனி வாங்கப்போகிறவர் செலவில்லாமல் பெறுகிறார்.

நம்பிக்கைப் பண்பு: பயன்படுத்திய பின்னும் சாதாரணப் பயனர் அறிய முடியாதது. மோட்டாரின் மின்காப்பு பாதுகாப்பானதா, உணவு படும் பிளாஸ்டிக் பாகங்கள் உடலுக்குத் தீங்கற்றவையா என்பவை இவ்வகை. இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை தேவை.

வரலாறு

அறிந்தவரிடம் கேட்டு வாங்கும் பழக்கம் மிகப் பழையது. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், நகைக் கடையைப் பற்றி உறவினரிடம் விசாரிப்பதும் வாய்மொழி மதிப்புரைகளே. சொல்பவர் தெரிந்தவர் என்பதால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

தொழிற்சாலைப் பொருட்கள் பெருகியபோது அக்கம்பக்கத்தாரின் அனுபவம் போதவில்லை. 1936இல் அமெரிக்காவில் நுகர்வோர் ஒன்றியம் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டு, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் இதழ் உருவானது. சோதிக்க வேண்டிய பொருட்களைக் கடையில் தானே விலை கொடுத்து வாங்குவதும், விளம்பரம் ஏற்காததும் அதன் நடைமுறை. பிரிட்டனில் 1957இல் விச் என்னும் இதழும், ஜெர்மனியில் 1964இல் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் அமைப்பும் இவ்வழியில் வந்தன. இந்தியாவில் அகமதாபாத்தில் 1978இல் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட சி.ஏ.ஜி. என்னும் அமைப்பும் நுகர்வோர் உரிமைகளுக்காகச் செயல்பட்டு வருகிறது.

1995இல் இணையப் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான், வாசகர்களே புத்தகங்களுக்கு மதிப்புரை எழுத இடமளித்தது. இபே தளம் 1996இல், வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. டிரிப்அட்வைசர் 2000இலும், யெல்ப் 2004இலும் தோன்றின. இதனால் மதிப்புரையின் தன்மையே மாறியது. முன்பு தெரிந்த ஒருவரின் சொல்லாக இருந்தது, இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேரின் சொல்லாகியுள்ளது.

படிப்பதற்கான காரணங்கள்

இழப்பைத் தவிர்த்தல்: ஒரு தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழக்கும் வருத்தம் மனிதருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டில் இது முக்கிய இடம் பெறுகிறது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துக் குளிர்பதனப் பெட்டி வாங்கும் குடும்பம், அது எவ்வளவு சிறந்தது என்பதைவிட, அதில் என்ன கோளாறு வரும் என்பதையே முதலில் அறிய விரும்புகிறது. குறைந்த நட்சத்திரம் பெற்ற கருத்துகளைப் பலர் தேடிப் படிப்பதற்கு இதுவே காரணம்.

தம் தேவைக்குப் பொருந்துமா என அறிதல்: விளம்பரம் எல்லோருக்கும் பொதுவாகப் பேசும். இருவர் மட்டும் உள்ள வீடு, வாடகை வீட்டுச் சிறிய சமையலறை, உப்பு மிகுந்த நிலத்தடி நீர் போன்ற நிலைமைகளில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, அதே நிலையில் உள்ள மற்றொருவரே சொல்ல முடியும்.

பிறரைப் பின்பற்றுதல்: தமக்கு நிச்சயமில்லாதபோது மற்றவர்கள் செய்வதைச் சரியென்று கொள்வது மனித இயல்பு. ராபர்ட் சியால்டினி 1984இல் வெளியான தம் நூலில் இதைச் சமூகச் சான்று என்று குறிப்பிட்டார். கூட்டம் உள்ள உணவகத்தில் நுழைவதும் இதனால்தான்.

தொட்டுப் பார்க்க இயலாமை: கடையில் துணியைக் கையால் தடவிப் பார்க்கலாம், இணையத்தில் முடியாது. வாங்கியவர் பதிவேற்றும் ஒளிப்படமும், ‘படத்தில் உள்ளதைவிட நிறம் மங்கல்’ என்பது போன்ற வரியும் அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்கின்றன.

விற்பனையில் தாக்கம்

அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை மைக்கேல் லூக்கா ஆராய்ந்தார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்வதாக அவர் கண்டார். இந்த விளைவு தனி உணவகங்களில் மட்டுமே காணப்பட்டது. ஏற்கெனவே பெயர் பெற்ற தொடர் உணவகங்களில் காணப்படவில்லை. வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில்தான் மதிப்புரைக்கு வலிமை அதிகம் என்பதை இது காட்டுகிறது. பெயர் தெரியாத சிறு கடைக்கு இது பெரிய வாய்ப்பு. நட்சத்திரம் பணமாக மாறும் என்பதால் போலிகள் தோன்றவும் இதுவே காரணமாகிறது.

போலி மதிப்புரைகள்

விற்பவரே வாங்கியவர்போல் எழுதுவது, பணமோ இலவசப் பொருளோ கொடுத்து எழுதவைப்பது, போட்டியாளரைத் தாழ்த்தி எழுதுவது ஆகியவை போலி மதிப்புரைகளாகும்.

டினா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவாலியே ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க விடுதிகளுக்கு இரு தளங்களில் வந்த மதிப்புரைகள் ஒப்பிடப்பட்டன. எக்ஸ்பீடியா தளத்தில், அதன் வழியாக அறை எடுத்தவர் மட்டுமே எழுத முடிந்தது. டிரிப்அட்வைசரில் யார் வேண்டுமானாலும் எழுத முடிந்தது. போலி எழுதுவதால் அதிக ஆதாயம் பெறக்கூடிய தனி விடுதிகளுக்கு, யாரும் எழுதக்கூடிய தளத்தில் புகழுரைகளின் பங்கு கூடுதலாக இருந்தது. அவற்றின் பக்கத்து விடுதிகளுக்கு அதே தளத்தில் குறைகூறும் உரைகள் கூடுதலாக இருந்தன.

2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். உண்மையில் அங்கு உணவகம் எதுவும் இல்லை. நண்பர்கள் எழுதிய பொய் மதிப்புரைகளைக் கொண்டே அது சில மாதங்களில் லண்டன் உணவகங்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இடம் கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தனர். இந்தச் செய்தியைப் பின்னர் அவரே வெளியிட்டார்.

உண்மையான மதிப்புரைகளிலும் உள்ள சாய்வு

போலிகளை முழுவதும் நீக்கினாலும் சராசரி நட்சத்திரம் சரியான படத்தைத் தருவதில்லை. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கோபமுற்றவரும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ‘பரவாயில்லை’ என்று நினைப்பவர் எழுதுவதில்லை. ஆகவே பல பொருட்களுக்கு ஐந்து நட்சத்திரம் மிகுதியாகவும், ஒரு நட்சத்திரம் ஓரளவும், நடுவில் உள்ளவை குறைவாகவும் அமைகின்றன.

முதலில் வரும் கருத்து பின்னால் வருவோரையும் இழுக்கிறது. லெவ் முச்னிக், சினன் ஆரல், சீன் டெய்லர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட சோதனையில், ஒரு செய்தித் தளத்தின் சில கருத்துகளுக்குத் தற்செயல் முறையில் தொடக்கத்திலேயே ஒரு ஆதரவு வாக்கு இடப்பட்டது. அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது.

எண்ணிக்கையும் முக்கியம். 6 பேர் மதிப்பிட்ட பொருளுக்கு ஐவர் 5 நட்சத்திரமும் ஒருவர் 4 நட்சத்திரமும் கொடுத்தால் சராசரி 4.8. ஏழாவதாக ஒருவர் 1 நட்சத்திரம் கொடுத்தால் அது 4.3 ஆகிவிடும். 1,800 பேர் மதிப்பிட்டு 4.4 பெற்ற பொருளை அந்த ஒரு மதிப்பீடு அசைக்காது.

மதிப்புரை காட்டாதவை

இந்தியாவில் வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. முத்திரை இல்லாத குக்கர்களைத் தங்கள் தளங்களில் விற்க இடமளித்ததாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் பெரிய இணைய வணிகத் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்து, தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இத்தகைய குறையை மதிப்புரை வெளிக்கொணர்வது அரிது. சோறு விரைவில் வெந்தது, விசில் சரியாக வந்தது என்று ஒருவர் உண்மையாகவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறக்குமா என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அது நம்பிக்கைப் பண்பு.

நீண்டகால உழைப்பும் இப்படித்தான். பொருள் வந்த வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரையால் மூன்றாம் ஆண்டில் மோட்டார் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திரமும் மதிப்புரை நட்சத்திரமும் வேறு வேறு என்பதும் கவனிக்கத்தக்கது. முன்னது எரிசக்தித் திறன் வாரியத்தின் அளவுகோல்படி மின்சிக்கனத்தை மட்டும் குறிப்பது.

சட்டமும் தரநிலையும்

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள், விற்பனையாளர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. மதிப்புரைகளைத் திரட்டுதல், சரிபார்த்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கான நெறிகளை அது வகுக்கிறது. அது கட்டாயமற்ற தரநிலையாகவே வெளியானது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

படிப்பவர் கவனிக்க வேண்டியவை

• சராசரியை மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் மதிப்பிட்டனர், நட்சத்திரங்கள் எப்படிப் பரவியுள்ளன என்பதையும் பார்த்தல்.

• இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளைப் படித்தல். நிறை, குறை இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் இவர்களே.

• ஒரே குறையைப் பலர் தனித்தனியே சொல்கிறார்களா என்று பார்த்தல். பொட்டலம் தாமதமாக வந்தது என்பது போன்ற புகார் பொருளின் தரத்தைப் பற்றியது அன்று.

• சில நாட்களுக்குள் ஒரே நடையில் குவிந்த புகழுரைகளை ஐயத்துடன் நோக்குதல்.

• பல மாதம் பயன்படுத்திய பின் எழுதப்பட்டவற்றுக்குக் கூடுதல் மதிப்பு அளித்தல்.

• மின்சாரம், எரிவாயு, உணவு, மருந்து தொடர்பான பொருட்களில் தரமுத்திரையைத் தனியே சரிபார்த்தல். ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் உள்ளிட்டு அது உண்மையா என்று அறியலாம்.

• பொருள் பழுதானால் மதிப்புரை எழுதுவதோடு நிற்காமல் முறையிடுதல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம்.