பிரேக் ஷூ மாற்றக் கழற்றிய சக்கரம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்த ஏற்றத்தோடு மலைப்பாதை முடிந்துவிடுகிறது. மலையில் வாழ்கிறவர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. செம்மேட்டைத் தாண்டி வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று பிரியும் சாலைகளை விட்டு உள்ளே இறங்கினால் மண் தடம், பாறை, ஓடை. மிளகு மூட்டையும் அன்னாசியும் பலாவும் அந்தத் தடங்களில் ஜீப்பிலும் லோடு வண்டியிலும்தான் வெளியே வருகின்றன.

மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்புகளில் ஒரு புகார் அடிக்கடி எழும்: பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. இடது முன்சக்கரத்தின் ஷூ சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவி, புது ஷூ போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் டிரம்மை உருவியதும் லைனிங் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தால், அதைத் துடைத்துவிட்டுப் புது ஷூவைப் பூட்டுவது மலை வண்டிக்குச் செய்யும் துரோகம்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சுமையோடு 2 டன் எடையுள்ள வண்டி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், சுமார் 2 கோடி ஜூல் ஆற்றலை வழியில் கரைத்தாக வேண்டும். வீட்டு மின்சாரக் கணக்கில் ஐந்தரை யூனிட். சிறிய கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜினே தாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி டிரம்களில் வெப்பமாக இறங்கும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கூடுதலாக இறங்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி, காலுக்கடியில் வெறும் பஞ்சு. ஒரு சக்கரத்தின் பிரேக் வேலை செய்யாமல் போனால் அதன் பங்கையும் மற்ற மூன்றும் சேர்த்துச் சுமக்கின்றன.

ஆகவே முதல் கேள்வி, லைனிங்கில் இருப்பது எந்த எண்ணெய்? பிரேக் ஆயில் என்றால் வீல் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. அதை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கந்தக வாடையடிக்கும் கெட்டியான கியர் ஆயில் என்றால் கதை வேறு. அது ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலிலிருந்து வந்திருக்கிறது. முன் ஆக்சிலின் முனையில் உருண்டையான ஒரு கூடு உண்டு. சக்கரம் திரும்புவதற்கான மூட்டு அதற்குள் இருக்கிறது. கியர் ஆயில் ஆக்சில் குழாயின் உள் சீலைத் தாண்டி, இந்த உருண்டைக் கூட்டை நிரப்பி, ஹப்பின் சீலையும் தாண்டினால்தான் லைனிங்கைத் தொட முடியும். அதாவது ஒரு சீல் மட்டும் போகவில்லை.

சீல் ஏன் போனது? பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆக்சிலின் மேல் ப்ரீதர் என்றொரு சிறு மூச்சுத்துளை இருக்கிறது. ஓட ஓட ஆக்சில் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரியும்; துளை வழியே வெளியேறும். சேறு காய்ந்து அதை அடைத்துவிட்டால் காற்று எண்ணெயைச் சீல் வழியே பிதுக்கும். அதே வண்டி சூட்டோடு ஓடைக்குள் இறங்கும்போது உள்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது அந்தச் சீல் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுக்கும். டிஃபரென்ஷியலின் அடி நட்டைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் ஒழுகுவது இதனால்தான். தண்ணீர் கலந்த எண்ணெய் பற்களுக்கிடையே படலமாக நிற்காது. பேரிங்குகளில் துருப்புள்ளி விழும், டிஃபரென்ஷியலின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் ஊளையிடத் தொடங்கும். ஷூவில் ஆரம்பித்த வேலை ஆக்சிலின் நடுவுக்குப் போய்விட்டது.

ஜாக்கியில் நிற்கும்போதே இன்னொரு சோதனையையும் செய்துவிட வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டவும். ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில். காசில்லாத சோதனை. ஆனால் மெக்கானிக்கின் அறிவு இதில்தான் தெரியும் என்பேன். கிங் பின் தளர்ந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் பகுதி உருண்டைக் கூட்டின் மேல் சரியாக நில்லாமல் நகர்ந்து வெளிச் சீலைத் தேய்க்கும்; குழியில் விழுந்து எழும்போது ஸ்டியரிங்கும் வெடவெடக்கும்.

ஓட்டுபவர் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. மண் தடத்தில் போட்ட நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலைக்கு வந்தபின்னும் எடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓட வேண்டும். இந்த ஜீப்புகளில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அதற்கு இடமில்லை. மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் அந்த முறுக்கு முழுவதும் மூட்டுகளுக்கும் பற்களுக்கும்தான் போகிறது, 70 வளைவுகளிலும்.

ஷூ மாற்றச் சொன்னால் மெக்கானிக் ஆக்சிலையே இறக்கிவிட்டாரே என்று வண்டிக்காரருக்குக் கோபம் வருவது நியாயம். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது. ஆனாலும் அடைபட்ட ப்ரீதரைச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம் போதும். விட்டுவிட்டால் கிரவுன் பினியனே போகும். அந்த மெக்கானிக் அதிகமாகக் கழற்றவில்லை, தேவையானதைத்தான் கழற்றியிருக்கிறார்.

ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு மலையில் கூட்டம் சேரும். அதற்கு முன் ப்ரீதரைத் திறந்து பாருங்கள், ஆக்சில் எண்ணெயில் கொஞ்சம் வடித்து நிறம் பாருங்கள், ஒரு பக்கம் ஷூ மாற்றினால் மறுபக்கமும் சேர்த்து மாற்றுங்கள். மழை முடிந்து தை பிறந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.