அமெரிக்காவில் டைவர்ஸ், இங்கே மறுமணம்: கவுண்டி அலுவலகத்திலிருந்து கோர்ட் பேப்பர் வாங்குவது எப்படி?

வரன் அமைந்துவிட்டது, ஜாதகமும் பொருந்திவிட்டது. அப்போதுதான் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்பார், "தம்பிக்கு அமெரிக்காவுல டைவர்ஸ் ஆனதுக்கு கோர்ட் பேப்பர் இருக்குல்ல?" இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் வரும். வக்கீல் என்றைக்கோ மெயிலில் அனுப்பியது. முத்திரை இருக்காது, கையெழுத்து மங்கலாக இருக்கும், சில நேரம் கடைசிப் பக்கமே இருக்காது.

அந்த பி.டி.எஃப்-ஐ வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போதும், புதுத் துணைக்கு அமெரிக்க விசா எடுக்கும்போதும் அது கைகொடுக்காது. தேவைப்படுவது 'சர்ட்டிஃபைட் காப்பி'. அதாவது, தீர்ப்பு வழங்கிய கோர்ட்டின் கிளார்க், "இது எங்கள் பதிவேட்டில் உள்ள அசலின் நகல்தான்" என்று கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தரும் காப்பி.

வெறும் நகலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கே இருக்கிறது. திருப்பதியில் 1975-ல் கல்யாணம் செய்தவர், பிறகு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட்டில் டைவர்ஸ் வாங்கினார். 1981-ல் மறுமணம் செய்துகொண்டார். 'என்னோடு திருமணம் இன்னும் முறியவில்லை' என்று முதல் மனைவி இருதார வழக்குப் போட்டார். கணவர் தரப்பு காட்டியது டைவர்ஸ் தீர்ப்பின் போட்டோஸ்டாட் காப்பி.

1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது கவனிக்க வேண்டியது. ஜெராக்ஸ் என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. முறையான சான்று இல்லாததால் ஏற்க முடியாது என்றது. அதோடு நிற்காமல், அந்த டைவர்ஸே இந்தியாவில் செல்லாது என்றும் சொல்லிவிட்டது. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, எதிர்த்தரப்பு முழு மனதோடு அந்த கோர்ட்டுக்கு உட்படாத நிலையில் கொடுத்த தீர்ப்பு அது என்பதே காரணம். இருவரும் சம்மதித்து வாங்கிய டைவர்ஸ் என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஒருவர் மட்டும் போய் வாங்கியது என்றால், பேப்பர் கைக்கு வந்ததும் இங்குள்ள குடும்ப நல வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எந்த ஊர், எந்த கவுண்டி?

அமெரிக்காவில் டைவர்ஸ் என்பது மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. நாடு முழுமைக்குமான ஒரே பதிவேடு கிடையாது. நம் மாவட்டம் போல அங்கே கவுண்டி. மொத்தம் 3,000-க்கும் மேல். எந்த கவுண்டி கோர்ட்டில் டைவர்ஸ் கிடைத்ததோ அங்கேதான் கோப்பு இருக்கும். கல்யாணம் காஞ்சிபுரத்தில் நடந்ததா, கலிஃபோர்னியாவில் நடந்ததா என்பது இதற்குத் தேவையில்லை. இப்போது எங்கே குடியிருக்கிறார் என்பதும் தேவையில்லை.

ஊர்ப் பெயரை வைத்து மட்டும் கவுண்டியை முடிவு செய்யாதீர்கள். நம்மவர்கள் நிறைய பேர் வசிக்கும் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோ நகரம், காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. பக்கத்து ஊரான ப்ளேனோவின் பெரும்பகுதி காலின் கவுண்டி. இர்விங் என்றால் டாலஸ் கவுண்டி. தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே கவுண்டி பெயர் இருக்கும். அந்த மங்கலான பி.டி.எஃப் உதவுவது இதற்குத்தான்.

அடுத்த குழப்பம் அலுவலகத்தின் பெயர். 'கவுண்டி கிளார்க்' என்று தேடிப் போனால் பாதி மாநிலங்களில் தவறான கவுன்ட்டரில் நிற்போம். டெக்சாஸில் கவுண்டி கிளார்க் கொடுப்பது கல்யாண லைசென்ஸ். டைவர்ஸ் கோப்பு இருப்பது டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா, அலமீடா என்று அந்தந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட். இல்லினாய்ஸ், ஃப்ளோரிடாவில் சர்க்யூட் கோர்ட் கிளார்க். ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க். நியூயார்க்கில்தான் உண்மையிலேயே கவுண்டி கிளார்க்.

இன்னொரு பொறியும் உண்டு. மாநிலச் சுகாதாரத் துறைகள் சில, டைவர்ஸுக்கென்று ஒரு சான்றோ கடிதமோ தருகின்றன. டெக்சாஸில் 1968-லிருந்து பதிவான டைவர்ஸ்களுக்கு அப்படி ஒரு உறுதிக் கடிதம் கிடைக்கும். நியூயார்க்கில் 1963 முதல் சான்றிதழ் உண்டு. கலிஃபோர்னியாவில் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான பதிவுகளுக்கு மட்டும். இவற்றில் பெயர், தேதி, இடம் போன்ற விவரங்கள்தான் இருக்கும். யார் மனு போட்டது, என்ன காரணம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் தீர்ப்பு நகலில்தான். இங்கே கேட்கப்படுவதும் அந்தத் தீர்ப்புதான்.

பெயரில்தான் பாதி தகராறு

விண்ணப்பத்தில் கேட்பது அதிகமில்லை: இருவரின் முழுப்பெயர், டைவர்ஸ் ஆன ஆண்டு, வழக்கு எண். எண்ணுக்கு மாநிலத்துக்கு ஒரு பெயர். டெக்சாஸில் காஸ் நம்பர், நியூயார்க்கில் இண்டெக்ஸ் நம்பர், நியூ ஜெர்சியில் டாக்கெட் நம்பர். எண் கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஆண்டுவாரியாகத் தேட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் அலுவலகங்கள் உண்டு.

நமக்கே உரிய தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, அமெரிக்காவில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். மனைவி பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். எனவே ஒரு ஸ்பெல்லிங்கில் தேடிப் 'பதிவு இல்லை' என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அப்பா பெயரைப் போட்டு, முன்பின் மாற்றிப் போட்டு, இன்னொருவரின் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். பல கவுண்டிகளின் இணையதளத்தில் இந்தத் தேடலை நாமே செய்யலாம்.

தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தனியார் தளங்களிடம் மட்டும் கிரெடிட் கார்டை நீட்டிவிடாதீர்கள். அவர்கள் தருவது பெரும்பாலும் திரட்டிய விவரங்கள். கோர்ட் முத்திரை கோர்ட்டில்தான் கிடைக்கும்.

யார் கேட்டாலும் தருவார்களா? பல மாநிலங்களில் டைவர்ஸ் தீர்ப்பு பொது ஆவணம்தான். குழந்தைகள், வங்கிக் கணக்கு போன்ற விவரங்களை மட்டும் மறைப்பார்கள். நியூயார்க் நேர் எதிர். கணவர், மனைவி, அவர்களுடைய வக்கீல்கள் தவிர வேறு யாருக்கும் கோப்பைத் தர மாட்டார்கள். மாப்பிள்ளையின் பழைய வழக்கைத் தானே சரிபார்க்க நினைக்கும் பெண் வீட்டாருக்கு அங்கே கதவு சாத்தியிருக்கும். மாப்பிள்ளைதான் வாங்கித் தர வேண்டும். வேறொருவரை அனுப்புவதாக இருந்தால் நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் கேட்பார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து நோட்டரி முத்திரை பெறலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர்.

தபாலில் விண்ணப்பிக்கும்போது, சுயவிலாசமிட்ட, ஸ்டாம்ப் ஒட்டிய கவர் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. ஸ்டாம்ப் என்றால் அமெரிக்க ஸ்டாம்ப். நம் அஞ்சல் தலையை ஒட்டி அனுப்பிப் பயனில்லை. கட்டணத்தையும் சில இடங்களில் மணி ஆர்டராகவோ, பேங்க் செக்காகவோதான் வாங்குவார்கள். அங்கே நண்பர் ஒருவர் இருந்தால் வேலையை அவரிடம் ஒப்படைப்பதே நல்லது. ஒன்றுக்கு இரண்டாக காப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதியையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில், எதிர்த்தரப்புக்கு மனு சென்று சேர்ந்ததிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கடந்த பிறகே திருமண பந்தம் முடியும். அது முடியும் தேதி தீர்ப்பில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். டெக்சாஸில் தீர்ப்பு வந்து 30 நாள்களுக்குள் பொதுவாக வேறொருவரைத் திருமணம் செய்ய முடியாது. முகூர்த்தம் குறிக்கும் முன் இதைக் கவனியுங்கள்.

இங்கே தனியாக இருக்கும் மனைவிக்கு

கணவர் அங்கே வழக்குப் போட்டு, மனைவி இங்கே அம்மா வீட்டில் இருக்க, ஒருநாள் மெயிலில் 'டைவர்ஸ் ஆகிவிட்டது' என்று வந்து நிற்கும் கதைகள் நாம் கேள்விப்படாதவை அல்ல. அப்படிப்பட்ட பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வழக்கில் நீங்களும் ஒரு தரப்பு. தீர்ப்பை மட்டுமல்ல, முழுக் கோப்பையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதில் முக்கியமானது, சம்மன் உங்களுக்குச் சேர்க்கப்பட்டதாகக் கணவர் தரப்பு தாக்கல் செய்த ஆவணம். எந்த விலாசம், எந்தத் தேதி, எந்த வழியில் என்று அதில் இருக்கும். சம்மன் அனுப்புவது குறித்த ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, நேரடியாகத் தபாலில் அனுப்பும் முறைக்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. கூரியரில் அனுப்பினோம் என்று மட்டும் கோப்பில் இருந்தால், அந்தத் தாள் உங்கள் வக்கீலுக்கு முக்கியமான ஆதாரம். ஜீவனாம்சம் கேட்கும் வழக்கிலும் இதே கோப்பு பேசும்.

கடைசி முத்திரை

சர்ட்டிஃபைட் காப்பி வந்தபிறகு இந்தியாவில் காட்ட 'அப்போஸ்டில்' தேவைப்படும். இந்தியா 2005-லிருந்து இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. இதை டெல்லியில் உள்ள வெளியுறவு அமைச்சகம் தராது. அவர்கள் முத்திரை இந்திய ஆவணங்களுக்குத்தான். வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறையும் தராது. அது அமெரிக்க மத்திய அரசு ஆவணங்களுக்கு. கோர்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தில் அப்போஸ்டில் வழங்கும் அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்; பெரும்பாலான மாநிலங்களில் அது 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' பொறுப்பில் உள்ள அலுவலகம். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய காப்பியை அனுப்புவதைவிட, புதிதாக வாங்கி அனுப்புவது நல்லது. காப்பியில் கையெழுத்திட்ட அதிகாரியின் மாதிரிக் கையெழுத்தோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்போஸ்டில் தாளையும் தீர்ப்பு நகலையும் சேர்த்துப் பின் அடித்துத் தருவார்கள். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கும் என்று அந்தப் பின்னைக் கழற்றாதீர்கள். கழற்றினால் செல்லாது என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து வாங்கி வரச் சொல்லிவிடக்கூடும்.